துணைக்கு ஓர் ஆள்

2021-இல் என் பெரியம்மைக்கு வயது 86. கண் போய் ஆறு வருஷம். அந்த ஏப்ரலில் எங்கள் ஊரில் ஒரே நாளில் இரண்டு தேர்தல்: சட்டசபைக்கு ஒன்று, வசந்தகுமார் காலமானதால் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதிக்கு ஒன்று. 80 வயது கடந்தவர்கள் வீட்டிலிருந்தே தபால் வாக்குப் போடலாம் என்று வசதி செய்திருந்தார்கள். படிவத்தோடு வந்த பெண்ணுக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள் பெரியம்மை.

"வீட்டுலன்னா உங்க அண்ணன், மைனி, பேரன் எல்லாரும் சுத்தி நிப்பாவ. நான் பள்ளிக்கூடத்துக்கே போறேன். நீ கூட வா, மக்கா."

கண் தெரியாதவர்களும் தளர்ந்தவர்களும் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம் என்கின்றன 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள். ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை போகலாம். வாக்கை வெளியே சொல்வதில்லை என்று உறுதி தர வேண்டும். நானும் தந்தேன். உள்ளூர ஓர் ஆசையும் இருந்தது. அரசியலில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. பொத்தானை அழுத்தப்போவது என் விரல்தானே!

மறைப்புக்குள் போனதும், "செவரப் பாத்துத் திரும்பி நில்லு" என்றாள்.

பொத்தான்களுக்குப் பக்கத்தில் பிரெய்ல் எண்கள் உண்டு. 80 வயதில் கண்ணை இழந்தவளுக்குப் பிரெய்ல் ஏது? முந்தின நாள் பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் வேட்பாளர் வரிசையை முழுக்க வாசிக்கச் சொல்லி, இரண்டு எண்களை மனசில் முடிந்து வைத்திருந்தாள். கொரோனாவுக்காக மாட்டிவிட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகத் தடவி எண்ணினாள். நீளமாக ஒரு சத்தம். அடுத்த மறைப்பில் இன்னொன்று. அழுத்திய சின்னம் சீட்டில் ஏழு விநாடி தெரியும். அவளால் பார்க்க முடியாது, நான் பார்க்கவில்லை.

வீட்டு வாக்குக்கு 2024-இல் வயதை 85 ஆக்கினார்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கும் அது உண்டு. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வேறு வழி ஏது? நல்ல வசதிதான். ஆனால் சக்கர நாற்காலியும் சாய்தளமும் துணையாளும் மனிதரை வாசல்வரை கொண்டு விடத்தான். அதற்கு உள்ளே நமக்கு வேலை இல்லை.

திரும்பும்போது ஆட்டோவில் பெரியம்மை சொன்னாள்: "எனக்க முதல் ஓட்டு 1957-ல. நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோட சேந்த மறுவருஷம். அப்போ ஆளுக்கொரு பெட்டி. உங்க பெரியப்பா சொன்ன பெட்டியில போட்டேன். அப்போ எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது."