கடல் கடந்த மாரியைக் காணச் செல்கிறோம்

யாத்திரைக்கான ஏற்பாடுகளும் யாத்திரையில் சேர்ந்தவையே என்பார்கள் நம் பெரியோர். அந்நாளில் காசிக்குப் புறப்படுவோர் கடன்களைத் தீர்த்து, உறவினரிடம் விடைபெற்று, குலதெய்வத்திடம் சொல்லிக்கொண்டுதான் வீட்டுப்படி இறங்கினார்கள். 72 வயதில் நானும் 68 வயதில் என் துணைவியாரும் இப்போது அத்தகைய ஏற்பாட்டில் இருக்கிறோம். ஆனால் போகுமிடம் காசியன்று, இராமேசுவரமும் அன்று. கரீபியக் கடலிலுள்ள குவாதலூப், மார்த்தினிக் என்னும் இரு சிறு தீவுகள்.

ஆரணியில் பிறந்து, கமண்டல நாகநதிக் கரையில் வளர்ந்து, ஐம்பது ஆண்டுகள் தறிக்குழியில் கால் வைத்துப் பட்டு நெய்தவன் நான். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது தறியைத் தம்பியிடம் ஒப்படைத்திருக்கிறேன். எங்கள் ஒரே மகன் பாரிஸில் பணிபுரிகிறான். "அப்பா, ஒருமுறையேனும் அம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். இங்கே குளிர் அதிகம். அதனால் வெயிலும் கடலும் உள்ள இரண்டு தீவுகளுக்குப் போய்ச் சில நாட்கள் ஓய்வாக இருக்கலாம்" என்று அழைத்தான். இரண்டு தீவுகளின் பரப்பையும் கூட்டினாலும் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் பாதியைக்கூட எட்டாது. கடலையும் மணலையும் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன் என்றுதான் எங்களுக்கு முதலில் தோன்றிற்று.

மகனோடு பணிபுரியும் குவாதலூப்காரர் ஒருவரால்தான் எங்கள் எண்ணம் மாறியது. அவரது குடும்பப் பெயர் நம் ஊர்ப் பெயரே, பிரெஞ்சு எழுத்துகளில் சற்றுத் தேய்ந்திருக்கிறது. முத்துசாமி, வீரப்பன், இராமசாமி, சிதம்பரம் போன்ற பெயர்கள் அத்தீவுகளில் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. என் தந்தை நெசவாளர் என்று மகன் சொன்னதும், "அப்படியானால் எங்கள் மாலியெமெனைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள்" என்றாராம் அந்த அன்பர். மாலியெமென் என்பது வேறு யாருமல்லள், நம் மாரியம்மனே.

அன்று முதல் அத்தீவுகளின் வரலாற்றை விசாரித்து அறிந்தேன். 1848-இல் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களைக் கொண்டுசென்றார்கள். 'ஒரேலி' என்னும் கப்பல் 1853 மே 6 அன்று மார்த்தினிக்கை அடைந்தது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தில் முதல் தொகுதியினரை இறக்கியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து கப்பல்கள் தொடர்ந்தன. மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்புக்கு 40,000-க்கும் மேற்பட்டோரும் சென்றார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகும் கடற்பயணம் மாதக்கணக்கில் நீண்டது. ஒப்பந்தம் ஐந்தாண்டு, அதன்பின் திரும்பிவர உரிமை உண்டு என்பது நிபந்தனை. சிலர் திரும்பினார்கள், பலர் அங்கேயே மாண்டார்கள், எஞ்சியோர் தங்கிவிட்டார்கள்.

தங்கியவர்களுக்கு நெடுங்காலம் குடியுரிமைகூட இல்லை. குவாதலூப்பின் கப்பெஸ்தேர் என்னும் ஊரில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர் 1904 முதல் இதற்காக வழக்காடினார். 1923-இல்தான் வெற்றி கிடைத்தது. நிலமும் இல்லை, உரிமையும் இல்லை, தாய்மொழியும் நாளடைவில் நாவைவிட்டு நழுவியது. ஆயினும் மாரியை மட்டும் அவர்கள் விடவில்லை.

அவளோடு மதுரை வீரனும் அங்கே சென்றிருக்கிறான். அவன் பெயர் இப்போது 'மால்தெவிலென்'. நாகூர் ஆண்டவரும் சென்றிருக்கிறார். கடலில் உயிர் காத்தவர் என்று கொடியேற்றி அவருக்கும் வணக்கம் செலுத்துகிறார்கள். மார்த்தினிக்கில் பூசாரி தீட்டிய கத்தியின் மேல் ஏறி நின்று அருள்வாக்குச் சொல்வதுண்டு. அரிவாள்மேல் நின்று ஆடும் நம் கருப்பண்ணசாமி கோயில் வழக்கமே அது. வேம்பை இன்னும் 'வெப்பேலே' என்றுதான் வீட்டில் அழைக்கிறோம் என்று மகனின் நண்பர் சொன்னபோது என் துணைவியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படியானால் போகலாம்" என்றாள்.

போவதென்று முடிவானதும் எந்த மாதம் என்ற கேள்வி எழுந்தது. மாரிக்கு உகந்த ஆடியிலேயே போகலாம் என்றேன். ஆனால் அப்பகுதியில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். டிசம்பர் முதல் மே வரைதான் மழை குறைந்து பயணத்துக்கு ஏற்றதாயிருக்கும். எனவே தைப்பூசம் கழித்து மாசியில் புறப்படுவதாக வைத்துக்கொண்டோம்.

வெளிநாட்டுப் பயணம் எண்ணியிருக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்பதால் மற்றொன்றையும் சொல்கிறேன். இத்தீவுகள் 1946 முதல் பிரான்சின் மாவட்டங்களாகவே இருந்து வருகின்றன. செலவாணியும் யூரோதான். ஆயினும் ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவாகத் தரும் ஷெங்கன் விசா இவற்றுக்குச் செல்லாது. கடல்கடந்த மாவட்டங்களுக்கென்று குறித்த அனுமதியைத் தனியே கேட்டுப் பெறவேண்டும். இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி பின்தங்கிய இடமாதலால், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்பவர்கள் நேரக்கணக்கை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நலம். பாரிஸிலிருந்து குவாதலூப்புக்கு மேலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். நடுவில் பாரிஸில் சில நாள் மகன் வீட்டில் தங்குவதால் எங்கள் கால்கள் பிழைத்தன. ஒரு தீவிலிருந்து மறு தீவுக்குக் கப்பலும் உண்டு, விமானமும் உண்டு. இடையே தொமினிக்கா என்ற வேறொரு நாடே இருக்கிறது. கப்பலில்தான் செல்ல வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். அவர்கள் கண்ட கடலைச் சில மணி நேரமாவது நாமும் காண வேண்டாமா?

உணவைப் பற்றிய கவலை எளிதில் தீர்ந்தது. வாழைக்காயும் கிழங்கும் ஈரப்பலாவும் தாராளமாகக் கிடைக்கும் நாடு அது. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு சேர்த்து அரைத்த பொடியில் அங்கே ஒரு குழம்பு வைக்கிறார்கள். அதன் பெயர் 'கொலொம்போ'. பெரும்பாலும் இறைச்சியிட்டுச் செய்வது எனினும், காய்கறியிட்டுச் செய்து தருவதாக நண்பரின் தாயார் சொல்லியனுப்பியிருக்கிறார்.

தீராத கவலை வேறொன்று. அங்கே மாரிக்குச் செய்யும் பெரும் பூசையில் சோறும் பழமும் தேங்காயும் கற்பூரமும் படைத்தபின், ஆடும் சேவலும் பலியிடும் வழக்கம் இன்றும் உண்டு. நாங்கள் மூன்று தலைமுறையாகப் புலால் உண்ணாத குடும்பம். பலியில்லாத கோயில்களுக்கு மட்டும் போய் வரலாமா என்று மகனிடம் கேட்டேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் துணைவியார், "பட்டு நெய்த வீடு இது. எத்தனை ஆயிரம் கூட்டைக் கொதிநீரில் போட்டு நமக்குச் சோறு வந்தது என்று எண்ணிப் பார்த்தீர்களா? காஞ்சிப் பெரியவர் பட்டு வேண்டாம் என்று சொன்ன காலத்திலும் நாம் நெய்துகொண்டுதானே இருந்தோம்? அவர்கள் ஆட்டைப் பற்றி நாம் பேசவேண்டாம். படையல் நேரத்தில் நின்று கும்பிடுவோம். மற்றதற்கு விலகி உட்கார்வோம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்" என்றாள். நண்பரிடம் கேட்டதில், அப்படி விலகியிருப்போர் அங்கேயும் உண்டு என்று தெரிந்தது.

அந்தப் பேச்சிலிருந்து இன்னொன்றும் முடிவாயிற்று. அம்மனுக்கு ஆரணிப் பட்டு ஒன்று கொண்டுபோக வேண்டுமென்பது என் ஆசை. தம்பியிடம் சொல்லி, அரக்கு நிறத்தில் சரிகைக் கரை வைத்து நெய்வதாகத் திட்டம். துணைவியாரோ, "170 ஆண்டுக்கு முன் நம்மிடமிருந்து போனவர்கள் பட்டு உடுத்தியா போனார்கள்? நூல்சேலைதான் அவர்கள் கட்டிய சேலை. அம்மனுக்கும் அதுவே போதும்" என்றாள். அவள் சொல்லுக்கு வலுச் சேர்க்கும் செய்தி ஒன்றை மகன் தந்தான். அத்தீவுகளில் பெண்கள் விழா நாட்களில் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்கு 'மதராஸ்' என்றே பெயர். நம் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி வணிகக் கப்பல்களில் போய், அங்கே எல்லா இனப் பெண்களுக்கும் உரிய ஆடையாகவே ஆகிவிட்டது. ஆகவே, குடியாத்தத்தில் கைலி நெய்யும் எங்கள் உறவினரிடம், மஞ்சள் நிலத்தில் சிவப்புக் கட்டமிட்ட நூல்சேலை ஒன்று நெய்யச் சொல்லியிருக்கிறோம். பட்டு நெய்தவன் கையில் நூல்சேலை கொண்டுபோவதில் எனக்கு இப்போது ஒரு குறையும் தோன்றவில்லை.

அம்மனுக்குச் சேலை ஆயிற்று. அடியார்களுக்கு என்ன கொண்டுவருவது என்று நண்பரிடம் கேட்டோம். சில நாள் கழித்து மறுமொழியாக ஓர் ஒலிப்பதிவு வந்தது. அவருடைய முதிய மாமா ஒருவர் தப்பு ஒலிக்கப் பாடும் மாரியம்மன் பாட்டு. பாடுபவருக்குத் தமிழ் தெரியாது. தந்தையிடம் செவிவழியாகக் கேட்டதைப் பிரெஞ்சு எழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார். "வேறொன்றும் வேண்டாம். இதற்கு என்ன பொருள் என்று சொல்லுங்கள். அம்மாவிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தெரியவேண்டும்" என்று கேட்டிருந்தார்.

முதல் நாள் கேட்டபோது எனக்குத் தெளிந்தவை 'தாயே', 'முத்து', 'வேப்பிலை' என்னும் மூன்று சொற்களே. மற்றவையெல்லாம் கடல்நீரில் உருண்ட கூழாங்கல்போல் மழுங்கியிருந்தன. போளூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த என் துணைவியார்தான் இரண்டாம் நாள் சட்டென்று அடையாளம் கண்டாள். அம்மை கண்ட பிள்ளையின் தலைமாட்டில் அமர்ந்து அவள் பாட்டி பாடியது அதே மெட்டாம். அடியடியாக நிறுத்தி நிறுத்திக் கேட்டோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பாட்டின் கருத்து மிக எளியது: பிள்ளையின் உடல் எரிகிறது, முத்தை இறக்கு, கண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளாதே என்று ஒரு தாய் மற்றொரு தாயிடம் கெஞ்சுவது. மருத்துவரில்லாத கரும்புத் தோட்டத்துக் குடிசையில் எத்தனை பேர் இதை மனமுருகிப் பாடியிருப்பார்கள்! பொருள் மறந்த பின்னும் நான்கைந்து தலைமுறையினர் ஓர் அடியும் விடாமல் இதைக் காத்து வந்திருக்கிறார்கள். பொருள் தெரிந்த நாம் நம் பேரப்பிள்ளைகளுக்கு இதில் ஓர் அடியேனும் சொல்லித் தந்திருக்கிறோமா என்று துணைவியார் கேட்டாள். மறுநாளே கைப்பேசியில் மகனின் பெண்ணுக்குப் பாடிக் காட்டத் தொடங்கினாள்.

சென்ற வெள்ளிக்கிழமை படைவீடு சென்று ரேணுகாம்பாளிடம் சொல்லிக்கொண்டு வந்தோம். சிரம் மாறிய கதையால் மாரியின் பிறப்பிடமாகவே நாங்கள் கருதும் தலம் அது. ஜமதக்னி முனிவர் வேள்வி செய்த இடத்து மண்ணே அங்கே திருநீறாக வழங்கப்படுகிறது. அதில் ஒரு சிறு பொட்டலம் பூசையறையில் தனியே இருக்கிறது. மண்ணும் விதையும் கொண்டுபோக அந்நாட்டில் கட்டுப்பாடு உண்டாகையால், சுங்கத்தார் அனுமதித்தால் அங்குள்ள தாயின் திருமுன் வைப்போம். இல்லையேல் நாங்கள் நெற்றியில் இட்டுக்கொண்டு போவதே போதும்.

பயணச்சீட்டு வந்துவிட்டது, விசா விண்ணப்பம் கொடுத்தாயிற்று. சேலை தறியில் இருக்கிறது. பாட்டின் பொருளை ஒரு பக்கம் தமிழிலும், எதிர்ப்பக்கம் மகன் மொழிபெயர்க்கப் பிரெஞ்சிலும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு அடிகளே பாக்கி. அத்தீவுகளில் வாழும் நம் மக்கள் நலமாயிருக்க வேண்டுமென்று இவ்வாரம் உங்கள் ஊர் அம்மன் சன்னதியில் விளக்கேற்றும்போது அன்பர்களும் ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.