புளிய விறகும் பத்து லிட்டர் பாலும்

சிவகாசியில் என் தங்கை வீட்டிலேயே சீஸ் செய்யப் பழகிவருகிறாள். பால் பாத்திரத்தை அவள் நேரே அடுப்பில் ஏற்றுவதில்லை. அகலமான அண்டாவில் வெந்நீர். அதற்குள் பால் பாத்திரம். பாலுக்குள் ஒரு வெப்பமானி. 32 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, பாலை உறையவைக்கும் ரென்னட்டைக் கலக்கிறாள். “தண்ணி சட்டுன்னு சூடாகாது, சட்டுன்னு ஆறவும் செய்யாதுண்ணே. பால் அடிப்பிடிக்கிற பேச்சே இல்ல” என்றாள்.

மறுநாள் மல்லி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். வழியில் பட்டாசு ஆலைகள். ஒரு தீப்பெட்டியைக்கூட உள்ளே கொண்டுபோக முடியாத இடங்கள். நான் போய் இறங்கியதோ விடியற்காலையிலிருந்து தீ அணையாத ஒரு பால்கோவாக் கூடம்.

கடைக்குப் பின்னால் வரிசையாக விறகடுப்புகள். ஒவ்வொன்றிலும் இரும்புச் சட்டி, சட்டிக்குப் பத்து லிட்டர் பசும்பால். புளிய விறகுதான் எரிகிறது. நின்று எரியும் என்கிறார்கள். ஓர் அடுப்பின் முன் ஐம்பது வயதைத் தாண்டிய அண்ணாச்சி ஒருவர் நீளக் காம்புள்ள துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார். துடுப்பு சட்டியின் அடியை வழித்து, ஓரத்தில் ஒட்டிய ஏட்டைத் தள்ளி, மறுபடி அடிக்கே வந்தது. பால் பாதியாகச் சுண்டியதும் ஒன்றேகால் கிலோ சர்க்கரையைக் கொட்டினார். கெட்டிப்பட்டு வந்தது திடீரென்று இளகியது. எனக்குப் பதறியது, அவர் கை நிற்கவில்லை. “சர்க்கரை தண்ணி விடும் தம்பி. இனிமேத்தான் கையை எடுக்கக் கூடாது.”

சலசலவென்று கொதித்த சத்தம் போய், சொத் சொத்தென்று குமிழிகள் வெடிக்கத் தொடங்கின. அவர் முன்கையெல்லாம் தெறித்துச் சுட்ட பழைய புள்ளிகள். சத்தம் அடங்கியதும் விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, சட்டியின் சூட்டிலேயே இன்னும் கொஞ்ச நேரம் கிண்டி இறக்கினார். மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் என்றார்.

தங்கையின் அண்டா இங்கே உதவாது. பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர். அதைச் சுண்டவைப்பதுதான் பால்கோவா. திறந்த அண்டாவின் நீர் 100 டிகிரிக்கு மேல் போகாது; அதற்குள் வைத்த பால் கொதிக்காது, சுண்டுவதும் மிக மெதுவாகத்தான். ஆகவே நேரடித் தீ. நேரடித் தீயில் பாலின் புரதம் அடியில் படியும், படிந்தது கருகும், கருகிய வாடை சட்டி முழுக்கப் பரவும். அங்கே வெந்நீர் பார்க்கிற காவலை இங்கே ஒரு மனிதரின் தோள் பார்க்கிறது.

அந்தக் காவலுக்கு அவர் கொடுக்கும் விலையில் எனக்குச் சம்மதமில்லை. கூடத்தில் புகைபோக்கி இல்லை. ஓட்டு இடுக்கில் போனது போக மீதிப் புகை அவர்கள் கண்ணிலும் நெஞ்சிலும்தான். இரட்டைச் சுவர்க் கொப்பரை என்று ஒன்று இருக்கிறது. இரு சுவர்களுக்கும் நடுவே அழுத்தத்தில் நீராவி ஓடும்; சூடு 100 டிகிரியைத் தாண்டும், பாலைத் தீ தொடாது. விறகில் செய்தால்தான் ருசி என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. சர்க்கரையும் பாலும் சேர்ந்து வேகும்போது வருகிற நிறமும் மணமும் நீராவிக் கொப்பரையிலும் வரும் என்பதே என் எண்ணம். விறகுதான் வேண்டுமென்றாலும் சரி, புகை வெளியேற வழி வேண்டாமா?

2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவர்கள் பால்கோவா வாங்காமல் திரும்புவதில்லை. அடுத்த முறை வாங்கும்போது, அடுப்படிக்குப் புகைபோக்கி வைத்திருக்கிறீர்களா என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.