சாட்டையின் நுனி

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் என் தந்தையார் நடத்திவந்த லேத்துப் பட்டறையில் இயந்திரங்கள் நான்கே. வாகனங்களுக்கான சிறு புஷ்களைக் கடைந்து ஆவடியிலுள்ள ஒரு தொழிற்கூடத்துக்குக் கொடுப்போம். அவர்கள் அவற்றைப் பொருத்திப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புவர். அந்த நிறுவனத்தின் வாசலைக்கூட நாங்கள் கண்டதில்லை.

ஒருமுறை ஆர்டர் திடீரெனப் பாதியாகக் குறைந்தது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த தந்தையார், பதினெட்டு ஆண்டுகள் உடனிருந்த தொழிலாளி ஒருவருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பினார். அன்றிரவு அவர் உணவருந்தவில்லை. ஆறு வாரம் கழித்து ஆர்டர் இரு மடங்காகத் திரும்பியது. தொழிலாளியைத் தேடிச் சென்றேன். அவர் பூந்தமல்லியில் ஒரு கிடங்கில் இரவுக் காவலராகச் சேர்ந்திருந்தார். "இனி வரமாட்டேன் தம்பி. அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்" என்றார்.

அவ்வாண்டு வண்டி விற்பனை அப்படியொன்றும் குறையவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். அப்படியானால் குறைந்தது எது?

இக்கேள்விதான் முப்பத்திரண்டு வயதில் என்னை மீண்டும் மாணவனாக்கியது. விநியோகச் சங்கிலி மேலாண்மையில் ஆராய்ச்சி வழி முதுநிலைப் பட்டம், சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இதனை எம்.எஸ். என்பர். பாடங்கள் சிலவே. எஞ்சிய காலமெல்லாம் ஒரே கேள்வியைத் துரத்தி ஆய்வேடு எழுதவேண்டும். "எம்.பி.ஏ. படித்தாலாவது சம்பளம் உயரும்" என்றார் அத்தை. அதில் தவறில்லை.

வகுப்பில் எங்களை ஒரு விளையாட்டு ஆடச் செய்தனர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960களில் பிறந்த 'பீர் விளையாட்டு' அது. (வாசகர் அஞ்சவேண்டாம், பீர் தாளில் மட்டுமே.) சில்லறைக் கடைக்காரர், மொத்த வணிகர், விநியோகஸ்தர், ஆலை என நால்வர், ஒருவரோடொருவர் பேசக்கூடாது. வாரம் 4 பெட்டி வாங்கிய வாடிக்கையாளர் ஐந்தாம் வாரம் முதல் 8 பெட்டி வாங்குகிறார், கடைசிவரை 8தான். ஆயினும் சரக்கு வரத் தாமதமாவதால் ஒவ்வொருவரும் அஞ்சிச் சற்றுக் கூட்டியே கேட்கின்றனர். ஆலையாக அமர்ந்த எனக்கு முதலில் ஆர்டர் மலைபோல் குவிந்தது. பிறகு வாரக்கணக்கில் ஒன்றுமேயில்லை. எங்கள் பட்டறையையே மேசைமீது கண்டேன்.

ஜே ஃபாரஸ்டர் 1958-லேயே இதனை விளக்கியிருந்தார். 1997-இல் லீ, பத்மநாபன், வாங் ஆகியோர் இதன் காரணங்களை ஆராய்ந்தனர். குழந்தைகளின் அணையாடையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் அதனை ஒரே சீராகத்தான் நனைக்கின்றன. தயாரிப்பாளருக்கு வந்த ஆர்டரோ ஏறி இறங்கியது. பிடியைச் சற்றே அசைத்தால் நுனி சீறுவதால், இதற்குச் சாட்டையின் பெயரையே வைத்துவிட்டனர்.

என் ஆய்வுக்கு ஆவடிக் கூடத்தின் கணக்குகள் தேவைப்பட்டன. "கணக்கைக் காட்டினால் விலையைக் குறைப்பார்கள்" என்று மறுத்துவிட்டார் உரிமையாளர். ஏழு மாதம் நடந்தேன். பெயர் வெளிவராது என்று எழுதிக் கொடுத்தபின்னரே பழைய ஏடுகளைத் தந்தார்.

விடை அவற்றில் இருந்தது. அதற்கு முந்தைய தட்டுப்பாட்டின்போது, கிடைப்பது பாதிதான் என்றஞ்சி அவர்கள் எங்களிடமும் வேறு இருவரிடமும் தேவைக்கு மிகுதியாகக் கேட்டிருந்தனர். வந்து குவிந்தது தீருமட்டும் ஆர்டரைச் சுருக்கினர். எங்கள் தொழிலாளி வேலையிழந்த நாட்களில், நாங்கள் கடைந்த புஷ்கள் சில கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் அலமாரியில் உறங்கிக்கொண்டிருந்தன.

வரைபடத்தைத் தந்தையாரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதை அவனிடம் காட்டினாயா?" என்று கேட்டார்.

இன்னும் காட்டவில்லை.