குறிகட்டுவான் துறையும் இயந்திரங்களின் ஆயுளும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகப் புறப்படும் பஸ் வண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை ஆகிய ஊர்களைக் கடந்து, இருமருங்கும் ஆழமற்ற கடல் விரிந்து கிடக்கும் வாணர் பாலத்தைத் தாண்டிப் புங்குடுதீவிற் புகுகின்றது. பனங்கூடல்களையும், உடையவர் கடல் கடந்து போய்விட்டமையாற் பூட்டிக் கிடக்கும் கல்வீடுகளையும் பார்த்துக்கொண்டே சென்றால், ஏறக்குறைய 30 கிலோமீற்றர் முடிவிலே தெருவானது கடலுக்குள் நீண்டு நின்றுவிடும். அவ்விடமே குறிகட்டுவான். அதற்கப்பால் மனிதரும், அரிசி மூடையும், சீமெந்துப் பையும், பள்ளிக்கூடத்துக் கொப்பிகளும் வள்ளமேறியே செல்லல் வேண்டும்.

துறையில் நின்று நோக்கினால் நயினாதீவு கைக்கெட்டும் தூரத்திற் கிடப்பதுபோலத் தோன்றும். கால் மணி நேரத்தில் நாகபூசணி அம்மன் கோயில் வாயிலில் இறங்கிவிடலாம். நெடுந்தீவோ அப்படியன்று, அதற்கு ஒரு மணித்தியாலம் வரையிற் கடலிற் செல்லல் வேண்டும். இவ்விரு தீவுகளைப் பற்றியும் எழுதியோர் பலர். கோபுரத்தைப் பற்றியும், நெடுந்தீவின் குதிரைகளைப் பற்றியும், முருகைக்கல் வேலிகளைப் பற்றியும் நாமும் எழுதலாம். ஆயினும் இம்முறை நாம் எழுத விரும்புவது அத்துறையிலே கேட்கும் ஒலிகளைப் பற்றியாகும்.

குறிகட்டுவானிற் காத்து நிற்போர் கண்ணை மூடிக்கொண்டே எந்த வள்ளம் வருகின்றது என்று சொல்லிவிடுவர். பயணிகளை ஏற்றும் பெரிய வள்ளங்களின் டீசல் இயந்திரம், உரலில் மாவிடிப்பதுபோல நிதானமாக ஒலிக்கும். மீன்பிடிகாரரின் பைபர் படகுகளிற் பின்புறம் மாட்டப்பட்டுள்ள வெளியிணைப்பு இயந்திரமோ ஒரே மூச்சாக இரையும். சென்ற பங்குனி மாதத்தில், கடல் குளத்து நீர் போலக் கிடந்த ஒரு நாளிலே, மாணவர் சிலருடன் நெடுந்தீவுக் கோட்டையைப் பார்க்கச் சென்ற நாம் மூன்றாவது ஒலியொன்றையும் அங்கே கேட்டோம். ஆயிரம் கருவண்டுகளை ஒரு தகரப் பேணிக்குள் அடைத்து வைத்தாற் போன்ற கூரிய ஒலி அது.

ஒலியை எழுப்பியது இரண்டு முழ நீளங்கூட இல்லாத ஒரு விளையாட்டுப் படகு. எம்முடன் வந்த மாணவன் ஒருவனுக்கு, கனடாவிலிருந்து ஊர் பார்க்க வந்த மாமன் கொண்டுவந்து கொடுத்தது. விளையாட்டுப் படகு என்றவுடன் வாசகர்கள் சாவி கொடுத்து ஓடும் பொம்மையை நினைத்துவிடலாகாது. மேல்நாடுகளில் இத்தகைய படகுகளுக்கென்றே கழகங்களும் போட்டிகளும் உண்டு. நவிகா என்னும் உலக அமைப்பு 1959ஆம் ஆண்டு தொடக்கம் அவற்றை நெறிப்படுத்தி வருகின்றது. அரை மணித்தியாலம் இடைவிடாது ஓடவேண்டிய போட்டிகளும் அவற்றுள் உள. யப்பானில் ஓ. எஸ். என்னும் நிறுவனம் 1936 முதல் இவ்வகைச் சிற்றியந்திரங்களைச் செய்து வருகின்றது.

மாணவனின் படகிலிருந்த இயந்திரம் ஓர் எலுமிச்சங்காயளவுதான். அதன் உருளையின் கொள்ளளவு மூன்றரைக் கன சென்ரிமீற்றர். அது குடிக்கும் எரிபொருளோ விசித்திரமானது. மெதனோலும், நைத்திரோமெதேனும், வழுவழுப்புக்காக எண்ணெயும் கலந்த கலவை அது. அவ்வெண்ணெயிற் பெரும்பாலும் ஆமணக்கெண்ணெயும் ஒரு பங்கு சேர்ந்திருக்கும். நம் பாட்டிமார் சிறுவரின் வயிற்றைச் சுத்தி செய்யப் பயன்படுத்திய அதே எண்ணெய்தான். கடுஞ்சூட்டிலும் உலோகத்தைப் பற்றிக்கொண்டு விலகாதிருக்கும் குணம் அதற்குண்டு. நைத்திரோமெதேனின் மூலக்கூற்றிலேயே ஒட்சிசன் அடங்கியிருத்தலால், காற்று ஒருமுறை உள்ளே வரும்போது வழக்கத்திலும் கூடுதலான எரிபொருளை எரிக்க முடிகின்றது. பொறி பறக்கும் பிளக்கு இவ்வியந்திரத்துக்கு இல்லை. பிளாற்றினம் கலந்த சிறு கம்பிச் சுருள் ஒன்று முதலில் மின்கலத்தாற் சூடேற்றப்படும். பின்னர் மெதனோல் ஆவி பிளாற்றினத்திற் படும்போது நிகழும் இரசாயனத் தாக்கமும், எரிதலின் வெப்பமுமே அதனைத் தணலாக வைத்திருக்கும்.

துறையின் உட்புற அமைதி நீரிலே அப்படகு ஏழெட்டு நிமிடம் பறந்தது. பின்னர் ஒலி திடீரென நின்றது. மீனவர் ஒருவர் சென்று அதை எடுத்து வந்தார். எரிபொருளை அளந்துவிடும் ஊசி ஒரு மயிரளவு கூடுதலாக மூடப்பட்டிருந்ததாம். எரிபொருள் குறைந்தால் அதனோடு வரும் எண்ணெயும் குறையும், சூடு ஏறும், இயந்திரம் இறுகிவிடும். நெடுந்தீவு வள்ளமொன்றின் இயந்திர ஓட்டுநர், தலை நரைத்தவர், அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது எத்தனை வருஷம் உழைக்கும்?” என்று கேட்டார்.

“வருஷமோ ஐயா! நல்லாய்ப் பார்த்தால் பத்துப் பதினைஞ்சு மணித்தியாலம் ஓடும். பிறகு உள்ளுக்குள்ள சாமான் மாத்த வேணும்.”

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். “பத்து மணித்தியாலமோ? நாங்கள் நெடுந்தீவுக்கு அஞ்சு தரம் போய் வர அதின்ரை சீவன் முடிஞ்சிடும், என்ன மாஸ்ரர்?” என்று எம்மைப் பார்த்துக் கேட்டார்.

சிரிப்பதற்குரிய விஷயந்தான், ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பதற்கும் உரியது. அச்சிற்றியந்திரம் நிமிடத்துக்கு 24,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். பந்தய இயந்திரங்களுக்கு இது மிகையன்று. ஒரு விநாடியில் 400 சுற்று. உலக்கை போல ஏறி இறங்கும் பிஸ்டனானது, நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் நூறு முறைக்கு மேல் ஏறி இறங்கிவிடுகின்றது. வள்ளத்து டீசல் இயந்திரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று, அதாவது விநாடிக்கு 25 சுற்று, சுழல்வதாக வைத்துக்கொள்வோம். சிறியதன் பிஸ்டன் ஓடும் நீளம் 16 மில்லிமீற்றர், பெரியதன் நீளம் 120 மில்லிமீற்றர் என்றால், அவற்றின் சராசரி வேகத்தில் அதிக வேறுபாடில்லை. முன்னது விநாடிக்கு 13 மீற்றரளவும் பின்னது 6 மீற்றரும் ஓடுகின்றன. வேறுபாடு முழுவதும் நின்று திரும்புவதிலேதான் இருக்கின்றது. ஒவ்வொரு முறையும் மேலே சென்ற பிஸ்டனைப் பிடித்து நிறுத்தி மறுபுறம் இழுக்க வேண்டியது இணைப்புத் தண்டு என்னும் மெல்லிய கைதான். சுற்று இருமடங்கானால் அவ்விழுவிசை நான்கு மடங்காகும். டீசல் பிஸ்டனின் ஆர்முடுகல் புவியீர்ப்பின் 150 மடங்களவில் நிற்க, சிற்றியந்திரத்தில் அது 5,000 மடங்கைத் தாண்டிவிடுகின்றது. ஒரு கிராம் எடையுள்ள துண்டு ஐந்து கிலோகிராம் பாரமாகி, விநாடிக்கு 400 முறை அத்தண்டைப் பிடித்து இழுக்கின்றது என்றால், பத்து மணித்தியாலம் அது தாக்குப் பிடிப்பதே பெரிய காரியமன்றோ? அப்பத்து மணித்தியாலத்தில் அது ஒரு கோடியே 44 இலட்சம் முறை சுழன்றிருக்கும். டீசல் இயந்திரம் அத்தனை சுற்றுச் சுற்றுவதற்கு 160 மணித்தியாலம் வேண்டும். நன்றாகப் பேணப்படும் டீசல் இயந்திரம் முழுவதும் கழற்றிப் பூட்டப்படாமலே பல்லாயிரம் மணித்தியாலம் உழைக்கும்.

இன்னுமொரு செய்தி உண்டு. பந்தயப் படகு அலையிலே துள்ளி, சுழலி ஒரு கணம் நீரைவிட்டு மேலெழுமானால், தடுப்பாரில்லாத இயந்திரம் தன் எல்லையைத் தாண்டிச் சுழலும். இணைப்புத் தண்டு முறிவது பெரும்பாலும் அக்கணத்திலேதான். மாணவன் இதைச் சொன்னபோது பைபர் படகுக்காரர் ஒருவர் தலையை ஆட்டினார். சோளகக் காலத்தில் நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும்போது, படகு அலைமுகட்டிலிருந்து விழுந்தெழும் ஒவ்வொரு தடவையும் அவர் கை தானாகவே விசையைக் குறைத்துவிடுமாம். நிமிடத்துக்கு 5,000 சுற்று வரையிற் சுழலும் அவரது இயந்திரம், எலுமிச்சங்காய்க்கும் டீசலுக்கும் இடைப்பட்ட பிறவி. பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகின்றார். அது கரியைப் படியவிடும். ஆயினும் பெற்றோலிலேயே முழுவதும் ஓட்டினாற் பிடிக்கும் மீன் எண்ணெய்ச் செலவுக்குக் காணாது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியதை இத்துறையில் எவரும் மறக்கவில்லை.

எனினும் ஓடும்போது தேய்வதைவிட, ஓடாமற் கிடக்கும்போது அரிப்பதே இயந்திரங்களுக்குப் பெருஞ்சத்துரு என்பதை இங்கே அறிந்துகொண்டோம். மெதனோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஓட்டம் முடிந்தபின் மீந்த எரிபொருளை எரித்து முடித்து, சில துளி எண்ணெய் விட்டுச் சுழற்றி வைக்காவிட்டால், சில நாளில் உருக்குப் பேரிங்குகள் துருவேறிவிடும். வெளியிணைப்பு இயந்திரத்துக்கு இதே வேலையைக் கடல்நீர் செய்கின்றது. அது கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக் கொள்வது. நின்றபின் உள்ளே எஞ்சிய நீர் வற்ற, உப்புப் பளிங்காகப் படிந்து வழியை அடைக்கும். இதைத் தடுக்க நாடோறும் நன்னீர் பாய்ச்சிக் கழுவவேண்டும் என்று இயந்திரத்தோடு வரும் புத்தகம் கூறுகின்றது. அப்புத்தகத்தை எழுதியவர் நெடுந்தீவிலே கோடைகாலத்தில் ஒரு குடம் தண்ணீருக்குப் பெண்கள் நிற்கும் வரிசையைக் கண்டிரார். புங்குடுதீவிலும் நயினாதீவிலும் நல்ல தண்ணீர் அருமையானதே. இயந்திரத்தைக் கழுவும் வாளித் தண்ணீர் அடுப்படிக்குப் போகவேண்டிய தண்ணீர். மாரியில் நாடோறும் கழுவுபவர் வைகாசியிற் கிழமைக்கொருமுறை கழுவுகின்றார். அவ்வாறு கழுவாது விட்ட நாட்களின் கணக்கு, இயந்திரம் நடுக்கடலில் நிற்கும் நாளிலே வெளிப்படுகின்றது.

உலோகத்தைக் காக்க வேறொரு உபாயமும் உண்டு. இயந்திரத்தின் அடிப்பாகத்தில் நாகத் துண்டொன்று பொருத்தப்பட்டிருக்கும். நாகம் என்றவுடன் நயினாதீவுக் கோயிலை நினைத்தல் வேண்டா, துத்தநாகத்தையே சொல்கின்றோம். உப்பு நீரில் அது முதலில் அரிந்து தன்னைக் கொடுத்து, பக்கத்திலுள்ள உலோகத்தைக் காக்கும். இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானி ஹம்பிரி டேவி 1824ஆம் ஆண்டில் அந்நாட்டுப் போர்க்கப்பல்களின் செப்புத் தகட்டைக் காப்பதற்கு இவ்வுண்மையையே பயன்படுத்தினார். குறிகட்டுவானிற் கண்ட படகொன்றில் அத்துண்டு கரைந்து புளியங்கொட்டையளவாகி இருந்தது. அதன்மீது அழகாக வர்ணமும் பூசியிருந்தனர். வர்ணம் பூசினால் நாகம் வேலை செய்யாது என்று நாம் சொல்ல, உடையவர் உடனே கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார்.

வேகமாகச் செல்லும் வள்ளம் வேண்டும் என்று தீவு மக்கள் கேட்பதிற் குற்றமில்லை. நெடுந்தீவில் வைத்தியசாலை உண்டு. ஆயினும் சத்திரசிகிச்சை வேண்டிய நோயாளியும், பிரசவத்தில் இடர்ப்படும் தாயும் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தாக வேண்டும். அத்தகைய வேளையில் ஒரு மணித்தியாலம் அரை மணித்தியாலமாவது உயிரைக் காக்கும் காரியம். அதற்கெனத் தனியே ஒரு விரைவுப் படகு, பேணுவதற்குரிய ஆளோடும் உதிரிப்பாகத்தோடும் எப்பொழுதும் ஆயத்தமாக நிற்றல் வேண்டுமென்பதே எமது எண்ணம். ஆனால் நாடோறும் ஆசிரியரையும் அரிசியையும் சுமக்கும் வள்ளத்துக்கு அவ்வேகம் தகாது. மெதுவான இயந்திரம் நின்றுபோவது அரிது. நின்றாலும் ஊர்க் கைகளே திருத்திவிடும்.

இக்கடலில் உழைத்த வள்ளங்களுள் குமுதினியின் பெயரைக் கூறாது விடலாகாது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி அது நெடுந்தீவிலிருந்து இத்துறைக்கு வரும் வழியில் மறிக்கப்பட்டு, அதிலிருந்த பயணிகள், குழந்தைகளும் பெண்களும் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டனர். நெடுந்தீவு மாவிலித்துறையில் ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகின்றது. வள்ளத்தைத் திருத்தி மீண்டும் கடலில் விட்டனர். கொல்லப்பட்டோரின் உறவினரும் அதிலேயே ஏறிப் பயணஞ் செய்தனர், வேறு வழி இல்லாமையால். பின்னர் வடதாரகையும், 2017இல் நெடுந்தாரகையும் வந்தன. அவ்வள்ளங்களில் ஏதேனுமொன்று பழுதுபார்க்கச் சென்றுவிட்டால், எஞ்சியதில் நிற்கவும் இடமிராது.

எமது வள்ளம் புறப்படும் நேரமாயிற்று. மாணவன் தன் சிற்றியந்திரத்தைத் துணியிற் சுற்றி வைத்துக்கொண்டான். இணைப்புத் தண்டு தப்பியதாம். பெரியவர் கீழே இறங்கி டீசலைக் கிளப்பி, பக்கவாட்டிற் குளிர்நீர் பாய்கின்றதா என்று கையால் ஏந்திப் பார்த்து, அதன் சூட்டையும் அறிந்துகொண்டு மேலே வந்தார். நயினாதீவைக் கடந்ததும் இளைஞர் ஒருவர், “கொஞ்சம் கெதியாய் விடுங்கோவன் அண்ணை” என்றார். “பின்னேரமும் இதிலைதானே தம்பி திரும்பி வரப்போறாய்” என்று பதில் வந்தது, விசை அசையவில்லை. மாவிலித்துறையில் இறங்கியபோது கடிகாரத்தைப் பார்த்தோம். ஒரு மணித்தியாலமும் ஏழு நிமிடமும் ஆகியிருந்தன. கோட்டைக்கு நடந்து செல்லும் வழியிலே அம்மாணவன் மனக்கணக்காகப் பெருக்கி, இயந்திரம் அன்று காலை ஒரு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட முறை சுழன்றிருக்கும் என்று எமக்குச் சொன்னான்.