1, 3, 16, 125

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஒரு தேற்றத்தைக் கண்டுபிடித்தேன். சாயங்காலம் காபி குடிக்கும்வரை அது என்னுடையதாகத்தான் இருந்தது.

ஆபீஸில் ஹாஷ் டேபிள் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வைக்கப் போவோம். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தால் அடுத்த இடம், அதுவும் போச்சென்றால் அதற்கடுத்தது. பஸ்ஸில் கர்ச்சீப் போட்ட சீட்டைத் தாண்டிப் போவது மாதிரி. நான்கு இடம், நான்கு பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விருப்ப இடம். யாரும் வரிசையைத் தாண்டி வெளியே விழாமல் எல்லோரும் உட்கார்ந்துவிடும்படி எத்தனை விதமாக விருப்பம் சொல்ல முடியும்? ப்ரோக்ராம் எழுதி எண்ணினேன். 125. ஒன்றிலிருந்து ஐந்து இடம்வரை ஓட்டியதில் 1, 3, 16, 125, 1296. நான்கு இடத்துக்கு 5-இன் மூன்றாம் அடுக்கு, ஐந்து இடத்துக்கு 6-இன் நான்காம் அடுக்கு. கூடுதலாக ஒரு இடம் சேர்த்து வரிசையை வட்டமாக வளைத்தால் நிரூபணமும் வந்துவிட்டது. கை நடுங்கியது.

கணிதம் படிக்க ஆசைப்பட்டு இன்ஜினியரிங்கில் விழுந்த லட்சம் பேரில் நானும் ஒருவன். பகுதிநேர பிஎச்டிக்கு விண்ணப்பிக்க இருபது நாள்தான் பாக்கி. ஆராய்ச்சித் திட்டத்தின் முதல் பக்கத்தில் இந்தத் தேற்றம் உட்கார வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். தேடாமல் இல்லை. ஸ்லாட், அர்ரே, ஓவர்ஃப்ளோ என்று தெரிந்த சொல்லையெல்லாம் கூகுளில் போட்டேன். வந்ததெல்லாம் இன்டர்வியூ கேள்விகள்.

கணிதத்தில் ஆராய்ச்சி செய்யும் நண்பனின் அக்காவுக்கு போன் போட்டேன்.

“கிடைக்கலன்னா இல்லன்னு அர்த்தமாடா? நீ வச்ச பேரு வேற யாருக்குத் தெரியும்? நம்பர அடிச்சுப் பாரு.”

எண்தொடர்களுக்கென்றே ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. நீல் ஸ்லோன் மாணவராக இருந்தபோது 1964-இல் சேர்க்க ஆரம்பித்தது. 1973-இல் புத்தகமானது, 1996-இல் இணையத்துக்கு வந்தது. அவருக்கும் ஒரு தொடரின் அடுத்த எண்தான் தேவைப்பட்டது; எங்கே தேடுவதென்று தெரியவில்லை. என் ஐந்து எண்களை அடித்தேன். ஒரு நொடி. பெயரிட்ட புள்ளிகளால் ஆன மரங்களின் எண்ணிக்கை, கேய்லி, 1889. கீழே குறிப்புகளில் நான் கேள்வியே படாத ஒரு சொல்: பார்க்கிங் ஃபங்ஷன்.

பெயர் கிடைத்துவிட்டால் கதவு திறந்துவிடும் என்று நினைத்தேன். பாதிதான் திறந்தது. அந்தக் கார்களை முதலில் ஓட்டிய கட்டுரை கோன்ஹைமும் வைஸும் 1966-இல் எழுதியது. தலைப்பில் பார்க்கிங் இல்லை, கார் இல்லை. ‘ஆன் ஆக்குபன்ஸி டிசிப்ளின் அண்ட் அப்ளிகேஷன்ஸ்’ என்றிருக்கிறது. அதற்கும் முன்னால், 1959-இல் ரொனால்ட் பைக் பாய்ஸான் செயல்முறையைப் பற்றி எழுதிய கட்டுரைக்குள் இதே எண்ணிக்கை ஒளிந்திருக்கிறது. தலைப்பை மட்டும் பார்த்து யார் கண்டுபிடிப்பது?

இங்கேதான் அக்கா எனக்கு நூலகம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தார். கணிதக் கட்டுரைகளுக்கென்று ஒரு வகைப்பாட்டு எண் உண்டு. 05 என்றால் சேர்வியல், 60 நிகழ்தகவு, 68 கணினியியல். என் ஒரே கேள்வி மூன்று அலமாரியிலும் மூன்று வேஷத்தில் நின்றது. இசட்பிமேத் என்ற மதிப்புரைத் தளம் 2021-இலிருந்து எல்லோருக்கும் இலவசம்; மேத்சைநெட்டுக்குச் சந்தா கட்டிய நிறுவனம் வேண்டும். கட்டுரையைப் படிக்கும் முன் அங்கே யாரோ எழுதிவைத்த மதிப்புரையைப் படி, பிறகு அதை மேற்கோள் காட்டியவர்களைப் பிடித்து முன்னால் வா, அது காட்டும் மேற்கோள்களைப் பிடித்துப் பின்னால் போ என்றார். மொத்தத்தில் பழைய டெட்பக்கிங்தான்.

1966 கட்டுரைக்காக அக்காவின் கடிதத்தோடு ஒரு நூலகத்துக்குப் போனேன். “வருஷம் மட்டும் சொன்னா எப்படி சார், வால்யூம்?” என்றார் நூலகர். பதினான்கு. பைண்டு செய்த தொகுதி, தூசி. உள்ளே ஒரு கணவன் கார் ஓட்டுகிறான். பக்கத்தில் தூங்கிவழியும் மனைவி திடீரென்று விழித்து, இப்பவே நிறுத்து என்கிறாள். எனக்கு முன்னால் வந்துவிட்டார்களே என்ற எரிச்சலையும் மீறிச் சிரித்துவிட்டேன்.

எரிச்சல் வேறிடத்திலிருந்து திரும்பி வந்தது. நூத்தின் ‘கணினி நிரலாக்கக் கலை’ மூன்றாம் தொகுதியில், 1973 பதிப்பிலேயே, 6.4-ஆம் பகுதியில் இது மொத்தமும் இருக்கிறது. நான் படித்த கல்லூரி நூலகத்தில் அந்தப் புத்தகம் இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள், பூட்டி. நான்கு வருடம் அதன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு செமஸ்டர் கைடு வாங்கப் போயிருக்கிறேன். சாவி யாரிடம் என்று நானும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

திட்டத்தின் முதல் பக்கத்தைக் கிழித்தேன். விதியைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன்: இடம் இல்லையென்றால் முதலில் ஒரு அடி பின்னால் போய்ப் பார்க்கலாம், அதுவும் இல்லையென்றால்தான் முன்னால். ப்ரோக்ராமைத் தொடும் முன் தேடினேன். அதற்கும் பெயர் வைத்திருந்தார்கள், நேப்பிள்ஸ் பார்க்கிங் ஃபங்ஷன். இந்தமுறை இருபது நிமிடம்தான் ஆனது. அக்காவுக்கு அனுப்பினேன்.

“பரவால்லயே, தேறிட்ட” என்று பதில் வந்தது. “அடுத்தது?”