தணிகை மலையின் பூக்காலங்கள்

திருத்தணி மலைக்கு நீலோற்பலகிரி என்றொரு பெயர் உண்டு. இந்திரன் இங்கே குவளைக் கொடி நட்டு அதன் பூவால் முருகனை வழிபட்டான் என்பது தலக்கதை. நாளுக்கு மூன்று பூ, பொழுதுக்கு ஒன்றாக மலருமாம். பூவைப் படம் பிடிக்கக் கேமராவுடன் வருபவருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வடதமிழகத்தில் அரிது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர். ரயிலில் வந்து இறங்கினால் மலை கண்ணெதிரே நிற்கும்.

மலைப்படிகள் 365, ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக. சித்திரை, வைகாசியில் இந்த வட்டாரத்தில் சரக்கொன்றை பூக்கிறது. அதன் மஞ்சள் உச்சிவெயிலில் படத்தில் வெளிறி, இதழ்க் கோடுகள் அழிந்துவிடும். காலை ஏழு மணிக்குள், கதிரவன் பூங்கொத்துக்குப் பின்னால் இருக்கும்போது எடுத்தால் ஒவ்வொரு இதழிலும் ஒளி ஊடுருவித் தெரியும்.

ஆடிக் கிருத்திகையில் பூ மரத்தை விட்டுத் தோளுக்கு ஏறுகிறது. சாமந்தியும் அரளியும் சுற்றிய பூக்காவடிகள் லட்சக்கணக்கான பக்தர்களோடு படியேறுகின்றன. எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பக்கமிருந்து வருவோரின் தெலுங்கும் தமிழும் ஒரே அரோகராவில் கலக்கின்றன. மஞ்சள் உடை, மஞ்சள் பூ, மஞ்சள் பூசிய முகம் என்று எல்லாம் ஒரே நிறமாக இருப்பதால், கூட்டத்தை மேலிருந்து எடுத்த படத்தில் காவடி தனித்துத் தெரியாது. படியோரம் தாழ உட்கார்ந்து, வளைந்த காவடிக்குப் பின்னால் வானம் வரும்படி எடுப்பதே சிறந்தது. ஆடி மேகம் இருந்தால் நிழல் மென்மையாக விழும். மாலையில் அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் தெப்பம். விளக்கொளி நீரில் ஆடுவதால் கேமராவை ஏதாவதொன்றில் ஊன்றிக்கொள்ள வேண்டும். கோயிலுக்குள் படமெடுக்கும் எண்ணமே வேண்டாம். தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்கே 2022இல் உயர் நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. பக்தரின் முகத்தை எடுக்குமுன் அவர் சம்மதத்தைக் கேட்பதும் கடமை.

மழைக்காலத்துப் பூ செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலரான இது வேலிகளில் பற்றி ஏறும். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, சிவந்து முடியும். ஒரே கொடியில் மூன்று நிறத்தையும் சேர்த்துப் பிடிக்கலாம். ஆனால் பிடுங்கக் கூடாது. கிழங்கு கடும் நஞ்சு. ஐப்பசியில் கந்த சஷ்டி. முருகன் சினம் தணிந்த ஊர் என்பதால் இங்கே சூரசம்ஹாரம் இல்லை, புஷ்பாஞ்சலிதான். போருக்குப் பதில் பூ என்பது இத்தலத்தின் தனி அழகு.

டிசம்பர் 31 இரவு படித்திருவிழா. புத்தாண்டில் வெள்ளைத் துரைகளைப் பார்க்கப் போன வழக்கத்துக்கு மாற்றாக வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கியது. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம், கற்பூரம், ஒரு திருப்புகழ். கற்பூரச் சுடரின் வெளிச்சமே படத்துக்குப் போதும். ஃபிளாஷ் அதைக் கொன்றுவிடும்.

மழை ஓய்ந்த பின் நீர் தேங்கிய குட்டைகளில் தேட வேண்டியது குவளை. இலங்கையின் தேசிய மலரும் இதுவே. ஒரு பூ மூன்று நான்கு நாள் நிற்கும். காலையில் விரிந்து பிற்பகலில் குவியும். கரையில் மண்டியிட்டு, நீர்மட்டத்துக்குக் கேமராவைத் தாழ்த்தி, நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் பொருத்தி எடுத்தால் நீலம் கலங்காமல் பதியும். காற்று எழுமுன், எட்டரை ஒன்பது மணிக்கு, இதழ் முழுதாக விரிந்திருக்கும்.