அந்த அஞ்சு அடி!

நம்மூரில் வீடு கட்ட இரண்டு வழி உண்டு ஸார். ஒன்று, பிளானுக்கு அனுமதி வாங்கி அதன்படி கட்டுவது. இன்னொன்று, அனுமதி வாங்கிய பிளானை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு இஷ்டப்படி கட்டுவது!

சைதாப்பேட்டையில் என் அப்பா முதல் ரகம். பி.எஃப். பணத்தில் கட்டின வீடு. பக்கத்தில் அஞ்சு அடி விடணும் என்றால் அஞ்சேகால் அடி விட்டார். "காத்து வரும்டா. நாளைக்கு ஒரு ஆபத்துன்னா ஆள் நுழைய வழி வேணும்டா" என்பார்.

பக்கத்து மனைக்காரர் ஓர் அங்குலம்கூட விடவில்லை. இரண்டு மாடிக்கு அனுமதி, எழும்பியது நாலு. குடியிருப்பு என்று காட்டிய தரைத்தளத்தில் லேத் பட்டறை. ராத்திரி பதினொரு மணிக்கும் 'கிர்ர்ர்...'தான். அப்பா புகார் எழுதினார். அதிகாரி வந்தார், டேப் பிடித்தார், நோட்டீஸ் ஒட்டினார். அடுத்த வாரம் அந்த நோட்டீஸ் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டார்கள்!

சட்டத்துக்குப் பல் இல்லையா? இருக்கிறது. 1971-ம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56-வது பிரிவில் இடிக்கச் சொல்லலாம்; 57-ல் வேலையை நிறுத்தலாம். ஆனால் 1998-ல் 113-ஏ என்று ஒரு தம்பி பிறந்தான். 'கட்டியாச்சா? சரி, கட்டணம் கட்டு!' இந்த ஒரு தடவைதான் என்றார்கள். அப்புறம் நீட்டித்துக்கொண்டே போனார்கள். அந்த நீட்டிப்புகள் செல்லாது என்று 2006-ல் ஹைகோர்ட் சொன்னது. 2012-ல் 113-சி வந்துவிட்டது!

சைதாப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் மாம்பலம். இறங்கினால் ரங்கநாதன் தெரு. 2011 அக்டோபர் கடைசியில் தி.நகரில் விதி மீறிய கடைகளுக்கு சீல் வைத்தார்கள். 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. பொங்கல் வியாபாரம் ஜோராக நடந்தது. 2017 மே 31-ல் உஸ்மான் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை எரிந்தபோது, அணைக்க ஒரு நாளுக்கு மேலாயிற்று. கடைசியில் கட்டடத்தையே இடித்தார்கள்.

அபராதம் கட்டினால் ஃபைல் சரியாகிவிடும். சந்து அகலமாகிவிடுமா? தீயணைப்பு வண்டிக்கு ரசீதைக் காட்டினால் நுழைந்துவிடுமா?

லோன் போட்டு ஃப்ளாட் வாங்கப் போகிற தம்பிகளே! டைல்ஸைத் தட்டிப் பார்ப்பது இருக்கட்டும். அனுமதி பெற்ற பிளானைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று மாடிகளை எண்ணுங்கள். கணக்கு இடித்தால் நடையைக் கட்டுங்கள். பின்னால் யாராவது வந்து இடிப்பதைவிட அது மேல்!